ஐப்பசி மழையும் ஒரு தூக்கு மிக்சரும்

ஐப்பசி பிறந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் முதலில் சேதி சொல்வது உப்பு ஜாடிதான். புரட்டாசி வரை பொலபொலவென்று கிடந்த கல்லுப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஜாடியின் அடியில் நீர் கோத்து நிற்கும். "உப்பு கசிஞ்சிடுச்சி. இனிமே மழைதான்" என்பார் ஆயா. அதற்கடுத்த பேச்சும் ஆண்டுதோறும் ஒன்றேதான். "அப்போ மிக்சரை எந்த நாள்ல போடலாம்?"

கேள்வி நாளைப் பற்றியது, செய்முறையைப் பற்றியது அல்ல. செய்முறை எல்லோருக்கும் தெரியும். மழை விடும் நாள் எது என்பதுதான் யாருக்கும் தெரியாது. தீபாவளி 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்தது. 2026-இல் நவம்பர் 8. இப்படி முன்னும் பின்னும் நகர்ந்தாலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தை விட்டு அது விலகுவதே இல்லை. ஊரே ஈரமாக இருக்கும் வாரத்தில், ஈரமே ஆகாத ஒரு பலகாரத்தை நாம் செய்யத் தொடங்குகிறோம். அதிரசத்துக்கு இந்தக் கவலை கிடையாது. அது மெத்தென்று இருக்கவே பிறந்தது. மைசூர்பாகை நெய் காக்கும். மிக்சர் அப்படியல்ல. காலையில் கலகலவென்று இருந்தது, மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டால் மாலைக்குள் நமுத்துப்போகும்.

எங்கள் வீட்டு மிக்சரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இனிப்பும் சேரும். கடையில் வாங்கும் மிக்சரில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை இருக்கலாம், உலர்திராட்சை நாலைந்து கிடக்கலாம். மும்பை பக்கம் அவல் சிவடாவில் பொடித்த சர்க்கரை தூவுவது வழக்கம். எங்கள் வீட்டில் சேர்வது சர்க்கரைப் பாகில் புரட்டி எடுத்த கலகலா. மைதா மாவைத் திரட்டி, சாய்சதுரமாக வெட்டி, பொரித்து, வெள்ளை வெளேரென்று பாகு பூத்த துண்டுகள். டைமண்ட் பிஸ்கட் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்கு உடனே விளங்கும். காரத்தில் ஊறிய ஓமப்பொடியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லும்போது, நடுவில் அந்த இனிப்புத் துண்டு ஒன்று உடையும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பிள்ளைகள் தூக்குக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள்.

இனிப்பையும் உப்பையும் ஒன்றாகச் சாப்பிடுவது நமக்குப் புதிதல்ல. சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கல் உப்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறிதளவு உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும், கசப்பை அடக்கும். இனிப்போ மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். நாக்குக்கு இரண்டும் தோழர்கள்தான். ஒரே டப்பாவில் நாலு நாள் இருக்கச் சொன்னால்தான் சண்டை வரும்.

ஒரே மாவட்டத்தின் சரக்கு

நான் வளர்ந்தது பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில் உள்ள ஊர். 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிப்பதற்கு முன்பு எல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். எங்கள் மிக்சர்த் தூக்கை அந்தப் பழைய மாவட்டத்தின் வரைபடம் என்றே சொல்வேன். உப்பு மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும். முந்திரி பண்ருட்டிச் செம்மண் காட்டிலிருந்து வரும். சர்க்கரைக்கு நெல்லிக்குப்பம்; 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆலை ஓடும் ஊர் அது. வேர்க்கடலைக்கு எங்கும் போகவேண்டாம், திண்டிவனத்திலிருந்து திருக்கோவிலூர் வரை மானாவாரி நிலமெல்லாம் அதுதான். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வேர்க்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். அந்த மூன்று எழுத்துக்குள் இருப்பது திண்டிவனம்தான்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாக நின்றுவிட்டது. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டு நகரம். கடலையின் தாயகமோ அதற்கும் அப்பால், தென்னமெரிக்கா. முந்திரியும் அங்கே பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நாம் பரம்பரைப் பலகாரம் என்று நினைக்கும் மிக்சரின் ஒரு நல்ல பங்கு கடல் தாண்டி வந்ததுதான். வந்து சேர்ந்த மண் அதை அவ்வளவு நன்றாக ஏற்றுக்கொண்டதால் ஊர்ப் பெயரே மறந்துபோய், மல்லாட்டை என்ற சொல்லுக்குள் மட்டும் மணிலா ஒளிந்திருக்கிறது.

கடலைமாவும் பெருங்காயமும் மட்டும் வெளியூர். மாவுக்கான கடலைக்குக் குளிர் வேண்டும். அது மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் வயல்களில் பனிக்காலப் பயிர். பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது.

பண்ருட்டி முந்திரியைச் சொல்லும்போது 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. விடிந்து பார்த்தபோது முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன, பலா மரங்கள் முறிந்து கிடந்தன. அடுத்த தீபாவளிக்கு எங்கள் மிக்சரில் முந்திரி இல்லை. யாரும் வாங்கிவரச் சொல்லவும் இல்லை. முந்திரி மரம் நட்டுக் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும், நன்றாகக் காய்க்க இன்னும் ஆகும். முந்திரிக்கொட்டையை உடைக்கும் வேலையை இங்கே பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை அரிக்கும், விரல் நுனி கறுத்துப்போகும். அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் மிக்சரில் முந்திரியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கமாட்டார்கள். மிக்சருக்கு முழுப் பருப்பு வேண்டியதில்லை, பிளவுப் பருப்பு போதும். விலையும் குறைவு, காரமும் நன்றாக ஒட்டும்.

மரக்காணத்து உப்பளத்திலும் ஐப்பசி மழைக்கென்று ஒரு கணக்கு உண்டு. தை மாதத்திலிருந்து வெயிலில் விளையும் உப்பு, மழை விழுந்ததும் நின்றுவிடும். பாத்திகள் குளமாகும். ஊர் தீபாவளிக்குத் துணி எடுக்கும் வாரத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை. அந்த மாதங்களைக் கடத்தத் தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்று அங்கே கேட்டால் தெரியும்.

உப்பு ஏன் முதலில் கசிகிறது

தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொடும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்பே கசிந்துவிடும். நன்றாகப் படிகமான வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 85 விழுக்காடு வரை தாங்கும். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ அப்படித் தாங்காது. அவற்றிலுள்ள குளுக்கோசும் பழச்சர்க்கரையும் சீக்கிரமே பிசுபிசுக்கும். இந்த எண்களெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. ஆயாவுக்கு ஜாடியைப் பார்த்தே தெரியும். மிக்சருக்குக் கலகலா செய்யும்போது வெல்லப் பாகு கூடாது, வெள்ளைச் சர்க்கரைதான் என்று கறாராக இருந்தார். உப்பை மாவிலேயே பிசைந்துவிட வேண்டும், மேலே தூவ வேண்டியிருந்தால் தூளுப்பை வெறும் சட்டியில் சூடுபண்ணி ஈரம் போக்கித் தூவ வேண்டும் என்பதும் அவர் விதி. நான் இன்றுவரை மாற்றவில்லை.

உலர்திராட்சையை அவர் ஒருபோதும் சேர்த்ததில்லை. எனக்கும் அதே கட்சிதான். திராட்சை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே நூற்றுக்குப் பதினைந்து பங்கு போல நீர் இருக்கும். மூடிய டப்பாவுக்குள் ஈரம் மிகுந்த பொருளிலிருந்து ஈரம் குறைந்த பொருளுக்கு நீர் மெல்ல நகரும். திராட்சை கல்லாகும், பூந்தி தொய்யும். இரண்டுக்கும் நட்டம். திராட்சை பிடித்தவர்கள் தட்டில் போட்ட பிறகு சேர்த்துக்கொள்ளட்டும்.

முதலில் பொரிவது கடைசியில் சேரும்

மிக்சர் என்பது ஒரு பலகாரம் அல்ல, எட்டு பத்து பலகாரம். ஒவ்வொன்றுக்கும் எண்ணெயில் அதனதன் நேரம். அவலுக்கு மூன்று எண்ணும் நேரம் போதும், வேர்க்கடலைக்கு நாலு நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே சூட்டில் அவசரமாகப் போட்டு எடுக்கிறவர்கள் மிக்சர் செய்வதில்லை, பொருளைக் கெடுக்கிறார்கள்.

புது எண்ணெயில் முதலில் கலகலா. பூண்டு வாடையும் மிளகாய் நெடியும் ஏறாத எண்ணெய் இனிப்புக்கு வேண்டும். 2 கப் மைதாவில் ஒரு சிட்டிகை உப்பும், 2 மேசைக்கரண்டி காய்ச்சிய நெய்யும் விட்டுப் பிசிறவேண்டும். பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிரவேண்டும். பிறகு நீர் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிப்பாகத் திரட்டி வெட்டிக்கொள்ளலாம். தீ மிதமாக இருக்கவேண்டும். மேலே சிவந்து உள்ளே மாவாக நின்றால் அந்த ஈரமே பின்னால் தூக்கு முழுவதையும் கெடுக்கும்.

பாகுக்கு ஒரு கப் சர்க்கரை, கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக நீர். விரலிடுக்கில் தொட்டு இழுத்தால் கம்பி அறுபடாமல் நிற்கும் கெட்டிக் கம்பிப் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, பொரித்து ஆறிய துண்டுகளைக் கொட்டிக் கைவிடாமல் கிளறவேண்டும். முதலில் பளபளவென்று ஒட்டும், பாகு பதம் தப்பிவிட்டதோ என்று மனம் அடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் திடீரென்று வெளுக்கும். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகப் பிரிந்து, கரண்டியில் படும்போது ஓடு உரசுவதுபோல் சத்தம் வரும். இதைத்தான் பாகு பூக்கிறது என்கிறோம். சர்க்கரை மறுபடி படிகமாகிவிட்டது. பதம் இளசாக எடுத்தால் பூக்காது, பிசுபிசுவென்றே நிற்கும். அந்த ஈடு மிக்சருக்கு ஆகாது, அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும்.

அடுத்தது ஓமப்பொடி. கடலைப்பருப்பைக் காயவைத்து மாவு மெஷினில் அரைத்துவந்தால் வரும் மணம் பாக்கெட் மாவில் இல்லை. தீபாவளி வாரத்தில் மெஷின் வாசலில் வரிசை நிற்கும். போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு முன்னாடி என்னா அரைச்சீங்க?" மிளகாய் என்றால் பின்னால் இருப்பவருக்கு இடம் விட்டுவிட்டு நிற்பார்கள். 2 கப் கடலைமாவுக்கு அரை கப் அரிசிமாவு. கடலைமாவு மட்டும் போட்டால் மெத்தென்று இருக்கும், மொறுமொறுப்பைத் தருவது அரிசிமாவு. ஓமத்தை முழுசாகப் போட்டால் அச்சுக் கண்ணை அடைக்கும். வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்த சாற்றை ஊற்றிப் பிசைவதுதான் சரி. முறுக்கு மாவைவிட இளக்கமாக இருந்தால் நாழியை அழுத்துகிறவர் தோள் பிழைக்கும்.

ஓமப்பொடி எண்ணெயில் விழுந்ததும் சளசளவென்று பொங்கும். அந்த இரைச்சல் மாவுக்குள் இருக்கும் நீரின் குரல். நீர் ஆவியாகி வெளியேறும் வரை குமிழி இருக்கும், சத்தம் இருக்கும். நீர் தீர்ந்ததும் குமிழி சிறுத்து, ஓசை அடங்கும். "ஓசை அடங்கட்டும்" என்று ஆயா சொன்னதற்குப் பொருள் இதுதான். நிறத்தைப் பார்த்து எடுக்காதே, காதால் கேட்டு எடு. கண் பார்வை மங்கிய பிறகும் அவர் அடுப்படிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி "எடும்மா, எடு, முடிஞ்சிடுச்சி" என்று குரல் கொடுப்பார். ஒரு முறையும் தவறியதில்லை.

ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை கோகுலாஷ்டமிக்கு உப்புச் சீடை செய்கிறவர்களைக் கேட்கலாம். உருண்டையின் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே நீர் ஆவியாகி முட்டும், சீடை வெடித்து எண்ணெயோடு பறக்கும். முகத்தில் கொப்புளம் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாவைச் சலிப்பதும், வறுப்பதும், சீடையை ஊசியால் குத்துவதும் அந்த ஆவிக்கு வழிவிடத்தான். ஓமப்பொடி நூலாக இருப்பதால் அந்தப் பயம் இல்லை.

காராபூந்திக்கு மாவு தோசைமாவுப் பக்குவம். ஒரு சொட்டு எண்ணெயில் விட்டுப் பார்க்கவேண்டும். தட்டையாகப் பரவினால் மாவு நீர்த்துவிட்டது, ஒரு கரண்டி மாவு சேர்க்கலாம். வால் நீண்டால் கெட்டி, நீர் தெளிக்கலாம். முத்தாக உருண்டால் சரி. பூந்திக் கரண்டியை எண்ணெய்க்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் தட்டவேண்டும், தேய்க்கக் கூடாது. ஒவ்வோர் ஈட்டுக்கும் கரண்டியின் அடிப்பக்கத்தைத் துடைக்கவேண்டும். துடைக்காமல் விட்டால் இரண்டாம் ஈட்டில் முத்து இரட்டையாக ஒட்டி விழும். சின்ன வயதில் என் வேலை அந்தக் கரண்டியைத் துடைத்துக் கொடுப்பது. அத்தை ஓமப்பொடி பிழிவார், அம்மா சட்டிக்கு முன்னால், தாத்தா ஆறிய ஓமப்பொடியைக் கையால் நொறுக்குவார். பிழிந்தெடுத்தது வளையமாக இருந்தால்தான் அழகு, நொறுக்கினால்தான் மிக்சர் என்பார். சோடா உப்பு போட்டால் பூந்தி உப்பும்தான், எண்ணெயும் குடிக்கும். எங்கள் வீட்டில் போடுவதில்லை.

பிறகு கடலைகள். ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை ஐப்பசிக்குப் புதுசாகச் சந்தைக்கு வரும். ஆசையாக வாங்கலாம், ஆனால் அப்படியே பொரிக்கக் கூடாது. புதுக்கடலையில் ஈரம் இருக்கும். இரண்டு வெயில் காட்டவேண்டும், வெயில் இல்லையென்றால் வெறும் சட்டியில் மிதமான சூட்டில் வறுத்து ஆறவைக்கலாம். வேர்க்கடலையும் முந்திரியும் எண்ணெயை விட்டு வந்த பிறகும் தம் சூட்டிலேயே வேகும். சட்டியிலேயே நல்ல பொன்னிறம் வந்துவிட்டால் தட்டில் கருகிக் கசக்கும். நிறம் மாறத் தொடங்கும்போதே அரித்துவிட வேண்டும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, எண்ணெயில் முழுக்காட்டி எடுத்தால் போதும்.

அவல் கெட்டி அவலாக இருக்கட்டும். மெல்லிய அவல் கண்மூடித் திறப்பதற்குள் கருகும். கம்பி வடிகட்டியில் ஒரு பிடி போட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் அமிழ்த்தினால் வெள்ளையாகப் பொரிந்து மேலெழும். எண்ணெய் காயாமல் போட்டால் பொரியாது, பல்லில் ஒட்டும். அவல் தூசி எண்ணெயில் தங்குவதால் அது பின்வரிசை. கடைசியில் கறிவேப்பிலை, அதற்கும் பின் தோலோடு நசுக்கிய பூண்டு. கறிவேப்பிலையைக் காலையிலேயே கழுவித் துணியில் உலர்த்தவேண்டும், ஒரு சொட்டு நீர் இருந்தாலும் எண்ணெய் முகத்துக்கு வரும். பூண்டு மணத்தின் அரசன், ஈரத்தின் கள்ளனும் அதுதான். வெளியே சிவந்து நடுவில் மெத்தென்று நிற்கும். பிய்த்துப் பார்த்து, நொறுங்குகிறதா என்று உறுதி செய்த பிறகே சேர்ப்பேன். மக்காச்சோள அவலைச் சேர்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்பதால் ஒரு கைப்பிடி போடுகிறேன், அதற்கென்று எனக்குப் பெரிய காதல் இல்லை.

எண்ணெய் வடிய எல்லோரும் பழைய செய்தித்தாளைத்தான் விரிப்போம். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்துவிட்டது. கண் தட்டோ, வெளுத்த பருத்தித் துணியோ போதும். சுட்ட எண்ணெயைக் கார்த்திகை வரை வைத்துத் தாளிக்கும் வழக்கத்தையும் விடத்தான் வேண்டும். பொரித்த எண்ணெயில் சிதைவால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நுரைக்கிறது, கறுக்கிறது, கொழகொழவென்று இழுக்கிறது என்றால் அதோடு சரி.

கலக்கும் கை

எல்லாம் பொரிந்து முடிய மத்தியானம் ஆகிவிடும். பெரிய அன்னக்கூடையில் கார வகைகளை மட்டும் கொட்டி, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே மிளகாய்த்தூள், பெருங்காயத்தூள், வறுத்த உப்பு தூவிப் புரட்டவேண்டும். சூடு முழுக்க ஆறிவிட்டால் காரம் ஒட்டாது, அடியில் இறங்கிவிடும். கரண்டி வேண்டாம், ஓமப்பொடி மாவாகிவிடும். இரண்டு கையாலும் அடியிலிருந்து அள்ளி மேலே கொட்டுவதுதான் முறை. அந்தக் கலவைக்குச் சூடு முழுக்கத் தணிந்த பிறகுதான் கலகலா சேரும். காலையில் முதல் ஆளாக எண்ணெயில் இறங்கியது மாலையில் கடைசி ஆளாக வந்து சேரும்.

ஒரு வருடம் நான் பொறுக்கவில்லை. அடைமழை, வெளியில் வெடி வெடிக்க முடியாது, கைக்கு வேறு வேலை இல்லை. ஆயா குளிக்கப் போன நேரத்தில் சூட்டோடு சூடாகக் கலகலாவைக் கொட்டிப் புரட்டி, தூக்கில் அடைத்து மூடியையும் அழுத்திவிட்டேன். மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டுக்கொண்டு தூக்கைத் திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர். அது சொட்டிச் சர்க்கரை இளகி, ஓமப்பொடியும் அவலும் கட்டி கட்டியாக ஒட்டிக்கிடந்தன. பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும் நேரம். அம்மா முகம் வாடிவிட்டது. ஆயா என்னைத் திட்டவில்லை. "சூடு ஆறாம மூடினா அது மூச்சு விடாதா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரும்புச் சட்டியைச் சிறு தீயில் வைத்து, இனிப்புக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியைப் பிடி பிடியாகப் போட்டு வாட்டினார். முறத்தில் பரப்பி ஆறவைத்ததும் பாதிக்கு மேல் மறுபடி கலகலவென்று ஆகிவிட்டது. அன்று எங்கள் தட்டுகள் ஒன்பது மணிக்குப் பதில் பதினொரு மணிக்குப் போயின.

நமுத்த மிக்சருக்கு இன்றும் அதே வைத்தியம்தான். மின் அடுப்பு இருப்பவர்கள் 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். இனிப்பை மட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

சேமிக்கும் பாத்திரம் எவர்சில்வர் தூக்காக இருந்தால் நல்லது. கண்ணாடி ஜாடியில் வெளிச்சம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒரே பெரிய தூக்கைவிட மூன்று சின்னத் தூக்கு மேல். அன்றாடம் திறப்பது ஒன்று, மற்ற இரண்டும் மூடியபடி இருக்கட்டும். ஈரக்கை படக்கூடாது. இந்த விதியை வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் சொல்லும் துணிவு ஆயாவுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அதனால் தூக்குக்குள்ளேயே ஒரு காய்ந்த கரண்டியைப் போட்டுவைக்கிறேன்.

இப்போது என் வீட்டில் இந்த வேலைக்கு மூன்று பேர்தான். எங்கள் தெருவில் பலரும் தீபாவளிச் சீட்டு கட்டி, பலகாரத்தைப் பெட்டியாகவே வாங்கிக்கொள்கிறார்கள். வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முழுக்க எண்ணெய்க்கு முன்னால் நிற்கவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முடிகிறவர்களிடம் கேட்டுக்கொள்வேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். கலகலா ஒரு நாள், ஓமப்பொடியும் பூந்தியும் ஒரு நாள், கடலைகளும் அவலும் கலக்கும் அன்று. தனித்தனி டப்பாவில் இருந்தால் ஒன்றும் கெடாது. ஆண்களும் நாழியை அழுத்தட்டும், நிச்சயம் அவர்களுக்குத் தோள் வலு இருக்கிறது. பூந்திக் கரண்டியைத் துடைக்க ஒரு பிள்ளையை உட்காரவையுங்கள்.

கார்த்திகை பிறக்கும்போது தூக்கில் மிஞ்சுவது அடித்தூள்தான். நொறுங்கிய ஓமப்பொடி, கடலைத் தோல், உதிர்ந்த காரம், கலகலாவிலிருந்து கொட்டிய சர்க்கரைப் பொடி. ஆயா அதைக் கொட்டவிடமாட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்ட மத்தியானங்களில், தயிர்ச் சோற்றின் மேல் ஒரு கரண்டி தூவித் தருவார். முதல் வாய்க்கு மொறுமொறுப்பாக இருக்கும். மூன்றாம் வாய்க்குள் தயிரில் ஊறிவிடும்.